சாயம் போகாத முட்டைகள்

அவித்த முட்டையில் வெள்ளை அனுவுக்கு, மஞ்சள் ஆசீருக்கு. அந்த வீட்டில் அதுதான் சட்டம்.

அம்மா முட்டையை உரித்து, நூலால் இரண்டாக அறுத்துத் தட்டில் வைப்பார். தம்பி ஆசீர் சின்ன விரலால் மஞ்சளைத் தோண்டி எடுத்துக்கொள்வான். வெள்ளையை அக்கா பக்கம் தள்ளிவிடுவான். சில நாள் அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கடி இருக்கும்.

"ஏலே, கடிச்சியா?" என்று அனு கேட்பாள்.

"நான் கடிக்கல. முட்டையே அப்படித்தான் இருந்துச்சு" என்பான் ஆசீர்.

அவனுக்கு ஆறு வயது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. சங்கரன்கோவிலில் வைத்தியம் பார்த்தார்கள். பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது அம்மாவின் மடியில் படுத்தபடி அனுவுக்குக் கையாட்டினான். அப்புறம் அவன் வீட்டுக்கு வரவே இல்லை. இறந்துபோனான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் முட்டை அவிக்கவில்லை. அவன் பெயரையும் யாரும் சொல்லவில்லை.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்பவர்கள் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார்கள். அப்பாவும் அப்படித்தான் இருந்தார். இப்போது அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்பதில்லை. அம்மா தேவாலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"அங்க போனா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாக்காங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

அனுவுக்கு இன்னொன்றும் தெரியும். கட்டிலுக்கு அடியில் ஆசீரின் கோலிக்குண்டு டப்பா இருந்தது. அவ்வப்போது அவள் அதைத் திறந்து பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் உள்ளே குண்டுகள் குறைந்திருந்தன. பங்குனி மாதம் வந்தபோது டப்பா காலியாக இருந்தது.

அம்மாதான் தூக்கி எறிகிறார் என்று அனு நினைத்தாள். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் அவன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

குருத்தோலை ஞாயிறு அன்று ஆராதனை முடிந்ததும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஆலயத்தின் பக்கத்து அறையில் கூடினார்கள். எல்லார் கையிலும் குருத்தோலை இருந்தது. மின்விசிறி சுற்றியும் வியர்த்தது.

"அடுத்த ஞாயிறு ஈஸ்டர். மத்த நாடுகள்ல எப்படிக் கொண்டாடுதாங்கன்னு நீங்க செஞ்சு காட்டணும்" என்றார் தேன்மொழி டீச்சர். அவர் கைபேசியில் எதையோ திறந்து வைத்திருந்தார். "அந்த நாடுகள்ல எல்லாம் இப்பதான் பனி உருகும்."

"இங்கன ரோட்டுல தார் உருகுது டீச்சர்" என்றான் இம்மான். அவனும் அனுவும் ஒரே வகுப்பு.

அதைப் பார்த்து வாசித்தார். பிரான்ஸ் நாட்டில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குப் பிறகு ஆலய மணி அடிக்க மாட்டார்கள். மணிகள் எல்லாம் ரோமாபுரிக்குப் பறந்துபோய்விட்டன, ஈஸ்டர் காலையில்தான் திரும்பி வரும் என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். பெர்முடா தீவில் பெரிய வெள்ளி அன்று பட்டம் விடுவார்கள். போலந்தில் ஈஸ்டருக்கு மறுநாள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார்கள்.

"எனக்குப் போலந்து!" என்று துள்ளினான் இம்மான். "யார் மேல வேணாலும் ஊத்தலாமா?"

"ஊத்துற மாதிரி நடிக்கணும்லே. ஊத்தக் கூடாது."

"போதகர் மேல மட்டும் கொஞ்சூண்டு?"

"உனக்குக் காது வேண்டாமா?" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். அனுவும் சிரித்தாள்.

"அனுவுக்கு முட்டை. கிரீஸ் நாட்டுல முட்டைய அவிச்சு, நல்ல சிவப்பாச் சாயம் ஏத்துவாங்க. ரெண்டு பேர் முட்டையோட முட்டைய மோதுவாங்க. உடையாத முட்டைக்காரர் ஜெயிச்சவர். ஜார்ஜியாங்கிற நாட்டுலயும் சிவப்பு முட்டை உண்டு. அங்க அத எடுத்துட்டு..."

டீச்சர் நிறுத்தினார். அனுவை ஒரு கணம் பார்த்தார். கைபேசியை அணைத்தார்.

"அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு முட்டை சனிக்கிழமை அனுகிட்ட குடுங்க. அவ சிவப்பாக்கிக் கொண்டுவருவா. ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் சாப்பிடலாம்."

அந்தப் பார்வை அனுவுக்குப் பழக்கமானது. தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் அவள் வந்தால் இப்படித்தான் நிறுத்துவார்கள்.

வெளியே வந்ததும் இம்மான் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏ அனு, டீச்சர் வாசிக்காம விட்டத நான் எட்டிப் பாத்துட்டேன். சொல்லட்டா?"

"சொல்லு."

"அந்த முட்டைய கல்லறைக்குக் கொண்டுபோய், மேல உருட்டுவாங்களாம்." சொன்னவுடன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "போச்சு. உன் முன்னாடி இதெல்லாம் பேசக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்காங்க."

"பேசு. ஒண்ணும் ஆகாது."

இம்மான் காலால் மண்ணைக் கிளறினான். "ஆசீர் கோலியில நல்லா அடிப்பான். என் பச்சைக் குண்ட அவன்தான் ஜெயிச்சான். நான் திருப்பிக் கேக்கவே இல்ல."

எத்தனையோ நாளுக்குப் பிறகு தம்பியின் பெயரை ஒருவர் வாயால் கேட்டாள் அனு. இன்னொரு முறை கேட்க வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை எல்லா முட்டைகளும் வந்து சேர்ந்தன. தன் வீட்டு அடுப்பில் முட்டை வைக்க அனுவுக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தோழி மாரிசெல்வியிடம் கொண்டுபோனாள். அவளுடைய அப்பா பேச்சிராஜாவின் தறிக்கூடத்தில்தான் அனுவின் அப்பா வேலை செய்கிறார்.

முதலில் வெங்காயத் தோல் போட்டு ஒரு முட்டையை அவித்தார்கள். அது செங்கல் நிறத்தில் வந்தது. இன்னொன்றை பீட்ரூட் தண்ணீரில் போட்டார்கள். அது வெளிறிப்போய்க் கிடந்தது.

"இது சிவப்பே இல்லட்டி" என்றாள் மாரிசெல்வி. "இரு. எங்க வீட்டுல சேலை பார்டர் நூலுக்குப் போட்ட சாயப்பொடி மீந்து கெடக்கு. எத்தன தடவ துவைச்சாலும் போகாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் நூல் உண்டு, சாயம் உண்டு. சிவப்பு வேண்டும் என்றால் அங்கே யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

கொதிக்கிற தண்ணீரில் பொடியையும் உப்பையும் போட்டார்கள். முட்டைகளை உள்ளே இறக்கினார்கள். எடுத்தபோது ஒவ்வொன்றும் செம்பருத்திப் பூப் போல இருந்தது. இரண்டு பேரின் கைகளும் முழங்கை வரை சிவந்திருந்தன.

"கிரீஸ் நாட்டுக்காரனே அசந்துபோவான்" என்றாள் மாரிசெல்வி.

அப்போது வீட்டை ஒட்டிய தறிக்கூடத்திலிருந்து அனுவின் அப்பா வெளியே வந்தார். அனுவின் கைகளைப் பார்த்தார். முட்டைகளைப் பார்த்தார். சாயப்பொடி டப்பாவைப் பார்த்தார்.

"யாராச்சும் தின்னீங்களா?" என்று கத்தினார். பல மாதங்களுக்குப் பிறகு அவருடைய பழைய குரல்.

"இல்லப்பா."

அப்பா ஒரு முட்டையை உடைத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையிலும் சிவப்பு இறங்கியிருந்தது. "இது நூலுக்குப் போடுற மருந்து மக்கா. வயித்துக்குள்ள போனா ஆபத்து. கைய மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க."

கழுவினார்கள். சிவப்பு போகவில்லை. மாரிசெல்வியின் அப்பா சொன்னது உண்மைதான்.

அனு கூடையைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள். எல்லோருடைய முட்டையையும் அவள் கெடுத்துவிட்டாள். வழியெல்லாம் கூடை கனத்தது.

தேன்மொழி டீச்சர் மறுநாளுக்காகப் பூ அலங்காரம் செய்துகொண்டிருந்தார். இம்மான் அவருக்குத் தண்ணீர் வாளி தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அனு தலையைக் குனிந்தபடி நடந்ததைச் சொன்னாள்.

"பரவாயில்ல மக்கா, யாரும் தின்னலல்லா, அது போதும்" என்றார் டீச்சர். "இதக் குப்பையில போட்டுட்டு, நாளைக்குப் பிள்ளைகளுக்கு மிட்டாய் குடுத்துரலாம்."

அனு கூடையைக் கொடுக்கவில்லை.

"டீச்சர், அன்னைக்குப் பாதியில நிறுத்தினீங்கல்ல. மிச்சத்தையும் வாசிங்க."

டீச்சர் இம்மானைப் பார்த்தார். அவன் காலி வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் விட்டேன்" என்றார் டீச்சர் மெதுவாக.

"நிறுத்தினாத்தான் டீச்சர் கஷ்டமா இருக்கு."

டீச்சர் கைபேசியை எடுத்தார். மிச்சத்தையும் வாசித்தார். ஜார்ஜியாவில் மக்கள் சிவப்பு முட்டைகளோடு கல்லறைகளுக்குப் போவார்கள். இறந்துபோனவர்களிடம் பண்டிகை வந்துவிட்டது என்று சொல்வது போல, முட்டையைக் கல்லறையின் மேல் மெல்ல உருட்டுவார்கள்.

அனுவின் ஊரிலும் ஒரு வழக்கம் இருந்தது. ஈஸ்டர் அன்று விடியுமுன் சபையார் பாட்டுப் பாடிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். முந்தின நாளே கல்லறைகளுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரியும். ஆனால் அதற்குக் கல்லறை என்று ஒன்று வேண்டும். சிமெண்டு பூசாத மண்மேடுகளும் அங்கே உண்டு. இருட்டில் யாருக்கும் அவை தெரிவதில்லை. ஆசீரும் அப்படி ஒரு மேட்டுக்குக் கீழேதான் இருந்தான்.

"இந்த முட்டைய அந்த மண்மேட்டுக்கெல்லாம் வைக்கலாம் டீச்சர்" என்றாள் அனு. "சிவப்பா இருந்தா எல்லாருக்கும் தெரியும்லா. தின்னக் கூடாதுன்னாலும் பரவால்ல. அவங்க திங்க மாட்டாங்க."

டீச்சர் அவள் தலையில் கை வைத்தார்.

"காக்கா கொத்திட்டா?" என்று வாளிக்குள்ளிருந்து கேட்டான் இம்மான்.

"ஜெபம் முடிஞ்சதும் எடுத்து அங்கனயே குழி தோண்டிப் புதைச்சிருவோம்" என்றாள் அனு. அதையும் அவள் வழியிலேயே யோசித்துவிட்டிருந்தாள்.

அன்று மாலை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அனு பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆசீர் எந்த மேட்டுல இருக்கான்?"

அடுப்படியில் தேய்க்கும் சத்தம் நின்றது.

அப்பாவின் கை தட்டிலேயே இருந்தது. "அந்த முள்ளு உடைமரத்துக்கு அந்தப் பக்கம். மரச் சிலுவை ஒண்ணு வச்சோம், அது கரையான் அரிச்சு விழுந்துட்டாம். மழையில மேடும் கரைஞ்சிருக்கும்." தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "தேடித்தான் பாக்கணும் மக்கா" என்றார்.

"நாளைக்கு அவனுக்கு ஒரு முட்டை வைக்கணும்பா. அம்மா, நீயும் வாரியா?"

பாத்திரம் தேய்க்கும் சத்தம் மறுபடியும் கேட்டது, முன்னைவிட வேகமாக.

மறுநாள் விடியுமுன் அனுவும் அப்பாவும் கிளம்பியபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

கல்லறைத் தோட்டம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வெள்ளையடித்த கல்லறைகளில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. அவரவர் குடும்பத்தார் சுற்றி நின்று பாடினார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மட்டும் ஆளுக்கு ஒரு முட்டையோடு உடைமரத்தின் பக்கம் போனார்கள்.

அங்கே வெளிச்சம் இல்லை. அப்பா கைபேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்தார். சிறிய மேடுகள். சிலவற்றை மேடு என்றுகூடச் சொல்ல முடியாது.

"இதுதான்..." என்றார் அப்பா. பிறகு, "இல்ல, அது" என்றார். அங்கும் இங்கும் நடந்தார். கடைசியில் அப்படியே நின்றுவிட்டார். "அன்னைக்கு எனக்குக் கண்ணு ஒண்ணும் தெரியல மக்கா. பெத்த பிள்ள இருக்க இடம் எனக்குத் தெரியலயே."

அனு இதுவரை அப்பா அழுது பார்த்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் இன்னும் சிவப்பு இருந்தது.

"பரவால்லப்பா. எல்லா மேட்டுக்கும் வைப்போம். எப்படியும் அவனுக்கும் ஒண்ணு கிடைச்சிரும்."

பிள்ளைகள் ஒவ்வொரு மேடாகக் குனிந்து முட்டையை வைத்தார்கள். பெயர் தெரியாத மேடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அனுவும் தன் முட்டையை ஒரு சின்ன மேட்டில் வைக்கப் போனாள்.

"அது வேற வீட்டுப் பிள்ள."

அனு திரும்பினாள். அம்மா நின்றுகொண்டிருந்தார். வீட்டில் கட்டியிருந்த அதே சேலை. தலை சீவவில்லை. வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

அம்மா வெளிச்சம் கேட்கவில்லை. கீழே குனிந்து தேடவும் இல்லை. முள்ளைச் சுற்றி, கல்லைத் தாண்டி நேராக நடந்து, ஓரமாக இருந்த ஒரு மேட்டின் முன்னால் நின்றார். "இங்கன" என்றார்.

அப்பா வெளிச்சத்தை அங்கே திருப்பினார். கையால் தட்டித் தட்டிச் சமன்செய்த மண். அதைச் சுற்றி வட்டமாக, மண்ணில் பாதி புதைத்து வைத்த கோலிக்குண்டுகள் மின்னின. நீலம், மஞ்சள், வெள்ளை. தலைமாட்டில் ஒரு பச்சை.

டப்பா ஏன் காலியானது என்று அனுவுக்கு அப்போது புரிந்தது.

"நீங்க வேலைக்கும் இவ ஸ்கூலுக்கும் போனப்புறம் வருவேன்" என்றார் அம்மா. "வரும்போதெல்லாம் ஒண்ணு கொண்டுவருவேன். வெறுங்கையோட எப்படி வாரது?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் அப்பா.

"நீங்களும் கேக்கலயே. அவன் பேரச் சொன்னாலே எழுந்திரிச்சுப் போயிருதீங்க."

அப்பா அம்மாவின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

அனு முட்டையை அம்மாவின் கையில் கொடுத்தாள். "ஜார்ஜியாங்கிற நாட்டுல இத மேல உருட்டுவாங்களாம்மா."

அம்மாவும் உட்கார்ந்து, அதை மேட்டின் மேல் வைத்து விரலால் மெல்லத் தள்ளினார். முட்டை கோணலாக உருண்டது. ஒரு பக்கம் சாய்ந்து, வளைந்து போய், நீலக் கோலிக்குண்டின் மேல் 'டொக்' என்று முட்டி நின்றது.

"அடிச்சிட்டான்!" என்று கத்தினான் இம்மான்.

டீச்சர் அவன் தோளைப் பிடித்தார். இம்மானுக்கே அழுகை வந்துவிட்டது.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாலே" என்றார். "அவன் குறி எப்பத் தப்பியிருக்கு?"

அப்போதுதான் அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. அனுவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதார். சபையார் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. பாடிக்கொண்டே மெழுகுவர்த்திகளோடு ஒவ்வொருவராக அந்த மண்மேடுகளின் பக்கம் வந்து நின்றார்கள்.

விடிந்ததும் பிள்ளைகள் உடைமரத்தின் கீழே குழி தோண்டினார்கள். முட்டைகளை எல்லாம் சேர்த்துப் புதைத்தார்கள். இம்மான் தலைமாட்டில் இருந்த பச்சைக் குண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அவனே வச்சிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா ஒரு கடையில் நின்றார். ஒரு முட்டை வாங்கினார்.

அம்மா அதை அவித்தார். உரித்தார். நூலை எடுத்து இரண்டாக அறுத்துத் தட்டில் வைத்தார். மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மஞ்சள் ஆசீருக்கு" என்றார் அம்மா. அதைத் தனியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு வெள்ளையைக் கையில் எடுத்தார். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பி அனுவிடம் நீட்டினார்.

அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கடி இருந்தது.

"அம்மா, நீ கடிச்சிட்ட!"

"நான் கடிக்கல" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "முட்டையே அப்படித்தான் இருந்துச்சு."